பூப்பருவமும் பசளையும்: கந்தப்பளைப் பகுதியை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் குடிப்பெயர்வு, கங்காணி முறை, குடியுரிமைப் பறிப்பு, தொழிற்சங்க எழுச்சி ஆகியன பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். ஆயின் அம்மக்களின் கைபட்டு வளர்ந்த செடிகளைப் பற்றி வரலாற்று நோக்கில் எழுந்த ஆக்கங்கள் மிகச் சிலவே. எப்பருவத்தில் எருவிடுவது, எப்போது நிறுத்துவது, பூ அரும்பியபின் செடியை எவ்வாறு முதிரவிடுவது என்பன போன்ற வினாக்கள் விவசாய விஞ்ஞானத்துக்கு உரியனவாக ஒதுக்கப்பட்டுவிட்டன. இவ்வொதுக்கலை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு செடிக்கு எப்போது ஊட்டுவது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா, நிலம் யாருடையது, கூலி யாருடையது என்ற வினாக்களோடு பிணைந்தது. ஆதலின் பூப்பருவப் பசளையிடுகையை ஒரு சரடாகக் கொண்டு, கந்தப்பளைப் பகுதியின் பயிர்ச்செய்கை வரலாற்றை ஈண்டு நோக்க முற்படுகின்றோம்.

கந்தப்பளை நுவரெலியாவிலிருந்து இராகலை, உடப்புசல்லாவை நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த சிற்றூர். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். சுற்றிலும் தேயிலை மலைகள். பள்ளங்களிலும் லயன்களை ஒட்டிய சரிவுகளிலும் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு முதலிய மரக்கறிப் பாத்திகள். ஒரே சரிவில் இருவகை வேளாண்மை அடுத்தடுத்துக் கிடக்கும் இக்காட்சி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகப் பொருத்தமானது. ஏனெனில் தேயிலைக்காரன் பூவை விரும்பாதவன். கிழங்குக்காரன் பூவைப் பார்த்து நாள் கணிப்பவன்.

இவ்வேறுபாட்டைச் சிறிது விளக்குதல் வேண்டும். பயிரிடுவோர் செடியிடம் வேண்டுவது ஒன்றன்று. இலை வேண்டுவோர் உளர். பூ வேண்டுவோர் உளர். காய், கனி, கிழங்கு வேண்டுவோர் உளர். செடி பூக்கத் தொடங்கும்போது அதன் உள்வாழ்வு திசை மாறுகின்றது. அதுவரை தழைக்குச் சென்ற ஊட்டம் அதன்பின் பூவுக்கும் வித்துக்கும் கிழங்குக்கும் செல்கின்றது. நைதரசன் மிகுந்தால் தழை பெருகி முதிர்ச்சி தாமதமாகும். பொற்றாசியம் போதாதவிடத்து மாப்பொருளும் வெல்லமும் இலையிலிருந்து ஏனைய உறுப்புகளுக்குச் செல்வது தடைப்படும். இரசாயனப் பெயர்கள் அறியப்படுமுன்னரே உழவர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். உழுவதிலும் எருவிடுதல் நன்று என்ற கருத்தைத் திருக்குறளின் உழவு அதிகாரம் கூறுவது யாவரும் அறிந்ததே. ஆயின் எப்போது விடுவது, எப்போது விடாதிருப்பது என்பது ஏட்டில் ஏறாமல், கைப்பழக்கமாகவே நின்றது.

யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கை இதற்கு நல்ல சான்று. ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அடைத்தும் குழை தாழ்த்தும் நிலத்தை உரமாக்கி, செடி பூக்க முனையும் வேளையில் நுனியை முறித்துவிடுவர். பக்கக் கிளைகளையும் விடாது கிள்ளுவர். பூவுக்குப் போகவேண்டிய சத்து இலையில் தங்கி, இலை தடித்துக் காரமேறும் என்பது நோக்கம்.

இதற்கு நேர்மாறான ஒரு செய்கையைக் காலனித்துவ அரசே துல்லியமாகப் பதிவு செய்துள்ளது. 1893ஆம் ஆண்டு நியமிக்கப்பெற்று 1894இல் அறிக்கை அளித்த இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணைக்குழு, வங்காளத்தின் ராஜ்ஷாஹி மாவட்டத்து நவ்காவ் பகுதியில் அரசு அனுமதியுடன் நடைபெற்ற கஞ்சாச் செய்கையை நுணுகி ஆராய்ந்தது. அங்கே நாற்று நட்டபின் மாட்டெருவும் புண்ணாக்கும் மேலுரமாக இடப்பட்டன, கீழ்க்கிளைகள் கழிக்கப்பட்டன. பூ அரும்பும் பருவத்தில் 'பொத்தார்' எனப்பட்ட தேர்ச்சியாளர் வயலுக்கு வந்து ஆண் செடிகளை இனங்கண்டு அகற்றுவர். வித்துப் பிடியாத பெண் பூவிலேயே பிசின் செறியும் என்பதே காரணம். மாசி, பங்குனியில் அறுவடையானபின் பூங்கதிரை மிதித்துத் தட்டையாகவோ உருட்டியோ பதப்படுத்தினர். சென்னை மாகாணத்தில் வட ஆர்க்காட்டைச் சேர்ந்த சவ்வாது மலைவாழ் மலையாளிகளும் இச்செடியைப் பயிரிட்டமை அக்காலப் பதிவுகளால் தெரியவருகின்றது. பொத்தாரின் திறமைக்கு அரசு ஒரு பெயர் கொடுத்துப் பதிவு செய்தமைக்குக் காரணம் வெளிப்படை: அப்பயிரிலிருந்து தீர்வை வந்தது. வருவாய் தந்த கைத்திறன் ஏட்டில் ஏறிற்று, ஏனையது ஏறவில்லை.

இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இச்செடியைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. அனுமதியின்றிப் பயிரிடுதல் இன்றும் குற்றமே. நாட்டின் கஞ்சாச் சேனைகள் எனப் பொலிசாரின் பதிவுகளில் இடம்பெறுவனவும் பெரும்பாலும் மொனராகலை, அம்பாந்தோட்டை போன்ற உலர்வலயப் பகுதிகளே; கந்தப்பளையின் குளிரும் ஈரமும் அதற்கு ஏற்றவையல்ல. ஆயுர்வேத மருந்துகளுக்கு வேண்டிய கஞ்சா, நீதிமன்றங்களின் வாயிலாகக் கைப்பற்றப்பட்ட சரக்கிலிருந்தே நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. எவ்விடத்தில், எப்பருவத்தில் பறிக்கப்பட்டது என்றறியாத பூவை மருந்தாக்க நேர்ந்த வைத்தியரின் நிலை இரங்கத்தக்கது எனினும், அது வேறோர் ஆய்வுக்கு உரியது.

இனி மலைநாட்டுக்கு வருவோம். நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றம் ஒன்றை நிறுவ முனைந்த சமுவேல் பேக்கர், இலங்கையில் தாம் கழித்த எட்டாண்டுகளைப் பற்றி 1855இல் வெளியிட்ட நூலில் இம்மண்ணைப் பற்றி ஏமாற்றத்துடன் எழுதியுள்ளார். கறுத்துச் செழிப்பாகத் தோன்றும் மண், எருவின்றி ஒன்றும் விளையாத மண்ணாக இருந்தது. இன்றைய மண்ணியலாளர் இதற்குக் கூறும் விளக்கம் எளிது. பெருமழை சுண்ணச்சத்தைக் கரைத்துச் சென்றுவிட, மண் புளிப்பேறியுள்ளது. குளிரில் இலைதழை மக்குவது தாமதமாவதால் மேல்மண் கறுத்துத் தோன்றுகின்றது. கறுப்பு நிறம் வளத்தின் அடையாளமன்று. கந்தப்பளையின் வேளாண்மை வரலாறு முழுவதும் எருவின் வரலாறாகவே அமைந்தமைக்கு இதுவே அடிப்படை.

கோப்பி யுகத்தில் கந்தப்பளை பெருந்தோட்டப் பிரதேசமாகவில்லை. ஐயாயிரம் அடிக்கு மேல் கோப்பி செழிப்பதில்லை. கோப்பியின் இதயநிலம் தாழ்ந்த சரிவுகளிலேயே இருந்தது. எனினும் பூப்பருவ ஊட்டம் பற்றிய விவாதம் மலைநாட்டில் முதன்முதல் எழுந்தது கோப்பியைக் குறித்தே. கோப்பி மாசி முதல் சித்திரை வரை, மழை கண்டதும் ஒருசேரப் பூக்கும். பழம் ஐப்பசி, கார்த்திகையில் பறிபடும். பூக்குமுன் எருவிடுவதா, பிஞ்சு பிடித்தபின் விடுவதா, காய் பறித்துக் களைத்த மரத்துக்கு உடனே விடுவதா என்று துரைமார் ஓயாது வாதிட்டனர். 1866இல் வெளிவந்த சபொனாடியரின் கோப்பிச் செய்கை நூல் எருவைப் பற்றி விரிவாகப் பேசுகின்றது. தோட்டங்களில் மாட்டுப்பட்டிகள் அமைக்கப்பட்டு, மானாப்புல் படுக்கையாக இடப்பட்டுக் குப்பையெரு சேர்க்கப்பட்டது. எலும்புத்தூள், பறவையெச்சம், சுப்பர் பொசுபேற்று ஆகியன கப்பலேறி வந்தன. தேங்காய்ப் புண்ணாக்கும் பெருமளவில் இடப்பட்டது. தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவான அச்சொல் 'பூனக்' என்று ஆங்கிலத் தோட்டக்காரரின் ஏடுகளிலும் இடம்பிடித்துக்கொண்டது. எருவிட்டவரின் பெயர் ஏட்டில் ஏறாவிடினும் எருவின் பெயர் ஏறிவிட்டது எனலாம்.

இவ்விடத்தில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. தமிழகத்திலிருந்து நடந்து வந்த கோப்பித் தொழிலாளர் பலர் அறுவடைக்காக வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பியோர். பழம் பறிக்கும் கைகள் ஐப்பசியில் நிறைய இருந்தன. மாசியில் குழி வெட்டி எருப் புதைக்கக் கைகள் குறைவு. ஆகவே எருவிடும் காலத்தைத் தீர்மானித்தது செடியின் பசி மட்டுமன்று. மன்னார் வழியாக வந்து போன மனிதரின் பயண நாட்காட்டியும் அதனைத் தீர்மானித்தது. எருவிடுகை விரிந்த தோட்டங்களில் ஆண்டு முழுவதும் தங்கும் தொழிலாளரின் தேவை வளர்ந்தது. நிலையான குடியிருப்புக்குத் தேயிலையையே காரணமாகக் கூறுவது வழக்கம். அது பெரும்பாலும் சரியே. ஆயினும் கோப்பிக் காலத்து எருக்குழிக்கும் அதில் சிறு பங்குண்டு என்பது எமது கருத்து.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பியிலை நோய் முதன்முதல் காணப்பட்டது. அதனைக் குறைந்த ஊட்டத்தின் விளைவென்று கருதிய பலர் மேலும் மேலும் எருவிட்டனர். ஜோன் ஹியூஸ் என்னும் இரசாயனவியலாளர் கோப்பி மண்ணையும் எருவையும் பகுத்தாய்ந்து 1879இல் அறிக்கை வெளியிட்டார். 1880 முதல் 1882 வரை ஆராய்ந்த மார்ஷல் வாட், நோய்க்குக் காரணம் காற்றில் பரவும் ஒட்டுண்ணிப் பூஞ்சையே என நிறுவினார். எரு மரத்துக்குப் புதிய இலை தரலாம். அப்புதிய இலையும் பூஞ்சைக்கு இரையாகும். 1878 அளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கராக விரிந்திருந்த கோப்பி அடுத்த பத்தாண்டுகளில் வீழ்ந்தது. ஊட்டத்தால் தீர்க்கக்கூடிய துன்பத்தையும் தீர்க்கமுடியாத துன்பத்தையும் பிரித்தறிய, ஒரு தலைமுறையின் செல்வம் செலவாயிற்று.

தேயிலை வந்ததும் பூவின் மதிப்புத் தலைகீழாயிற்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில் 19 ஏக்கரில் தொடங்கிய அப்பயிர், உயரத்துக்கு அஞ்சாதது. கந்தப்பளை போன்ற உச்சிச் சரிவுகளுக்கும் ஏறியது. தேயிலையின் விளைபொருள் கொழுந்து. கொழுந்து எடுக்காது விட்ட செடி வெண்ணிறப் பூப்பூத்துக் காய்த்துவிடும். தோட்டத்தில் பூத்த மலை கவனிப்பாரற்ற மலை. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பூவைக் கண்டு முகஞ்சுளித்தமை அழகுணர்ச்சி இன்மையால் அன்று. அது கொழுந்தின் இழப்பைக் காட்டியமையாலேயே. எனவே தேயிலைப் பசளையின் தத்துவம் செடியைப் பூப்பருவத்துக்குப் போகவிடாது என்றும் இளமையில் நிறுத்துவதாயிற்று. நைதரசனும் ஓயாத கொழுந்தெடுப்பும் கவ்வாத்தும் அதற்குரிய கருவிகள்.

கெல்வே பம்பர் 1900இல் இலங்கைத் தேயிலை மண் பற்றி எழுதிய அறிக்கை, மண்ணுக்கும் தேநீரின் தரத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. நுவரெலியாவில் தொடங்கிப் பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துக்கு மாறிய அந்நிலையத்தில் விவசாய இரசாயனவியலாளராகப் பணியாற்றியவர் தோமஸ் ஈடன். அவரைப் பற்றிய ஒரு செய்தி நமது பொருளோடு நேரடித் தொடர்புடையது. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் அவர் றொனால்ட் பிஷருடன் சேர்ந்து 1927இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்ஸ் தானியப் பயிருக்கு மேலுரத்தை முற்பட இடுவதா, பிற்பட இடுவதா என்ற வினாவைப் பற்றியது. உழவன் கண்ணால் கணித்த ஒன்றைச் சிறு பாத்திகளாகப் பிரித்து எண்ணால் கணிக்கும் முறை அதில் உருவாயிற்று. ஈடன் அம்முறையைத் தேயிலைக்குக் கொணர்ந்தார். 1958இல் வெளிவந்த அவரது நூல் தேயிலைத் துறையில் நெடுங்காலம் அடிப்படை நூலாக விளங்கிற்று.

தேயிலையில் பூ இல்லையெனினும் முதிரவிடும் பருவம் உண்டு. அது கவ்வாத்துக்கு முந்திய பருவம். கவ்வாத்தில் இலையனைத்தையும் இழக்கும் செடி, வேரில் சேமித்த மாப்பொருளைக் கொண்டே மீளத் தளிர்க்க வேண்டும். வேரை வெட்டி அயடீன் இட்டு, அது நீலங்கறுத்தால் சேமிப்புண்டு என அறிவர். தாழ்நிலத்துத் தேயிலையில் இச்சேமிப்புக் குறைவு. ஆதலின் சில வாரம் கொழுந்தெடாது ஓய்வு கொடுப்பர். குளிர் மிகுந்த உயர்நிலத்தில் சேமிப்புத் தானாகவே கூடும். வெட்டியபின் தளிர் காணுமுன் பசளை தூவுவது வீண். நனைந்த மண்ணிலன்றித் தூவக் கூடாது. பெருமழைக்கு முன்னும் கூடாது. இவ்விதிகள் நூலில் உள்ளன. ஆனால் இன்று மழை வருமா, இம்மண் போதிய ஈரமுடையதா என்று பெரட்டுக்களத்தில் நின்று வானம் பார்த்துச் சொல்லியவர் தொழிலாளியே. முள்ளுக் குத்துவது, கான் வெட்டுவது, கவ்வாத்து வெட்டுவது, உரம் போடுவது ஆகிய வேலைகளின் பெயர்கள் யாவும் தோட்டத் தமிழில் உள்ளன. நூல்கள் 'பசளை' என்னும். தோட்டத்தார் 'உரம்' என்பர். இச்சொல் வேறுபாடே இரு அறிவு மரபுகள் அருகருகே ஓடியமைக்கு ஒரு சான்றாகும்.

கந்தப்பளைக்கு மூட்டைகள் வந்த வழியையும் குறிப்பிடவேண்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டடி ஆறங்குல அகலமுடைய குறும்பாதைப் புகையிரதம் 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. கந்தப்பளை நிலையம் 6,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருந்தது; இன்று நாட்டின் உயரமான நிலையமான பட்டிப்பொலையிலும் அது உயர்ந்தது. தேயிலைப் பெட்டி இறங்கிய வழியே அரிசியும் பசளையும் ஏறின. 1948இல் பாதை மூடப்பட்டு, அப்பணி லொறிகளிடம் சென்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம், மூட்டை இறக்கிய மக்களைப் பெரும்பாலும் நாடற்றோராக்கிற்று.

தேயிலையின் நிழலிலேயே மரக்கறிச் செய்கை வளர்ந்தது. லயன் ஓரத்துச் சிறு பாத்தி தொடக்கத்தில் வீட்டுக் குழம்புக்கானது. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டபின் நுவரெலியாப் பகுதியில் கிழங்கு பணப்பயிராயிற்று. சீத்தாஎலிய ஆராய்ச்சி நிலையமும் விதைக்கிழங்குப் பண்ணைகளும் துணைநின்றன. 1996இல் இறக்குமதி மீண்டும் தளர்த்தப்பட்டபோது விலை ஆட்டங்கண்டது. அதுவரையிலான காலத்திலேயே கந்தப்பளைச் சரிவுகளில் கிழங்குக்கு ஊட்டும் கலை முதிர்ந்தது.

அக்கலையில் பூவே கடிகாரம். நட்டு ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேலுரமிட்டு மண் அணைப்பர். பூ அரும்பும் வேளையில் மண்ணுக்குள் கிழங்கு திரளத் தொடங்கும். அதன்பின் நைதரசன் மிகுந்தால் கொடி பச்சையாய்ப் பரவும். கிழங்கு தாமதித்து நீர்த்தன்மை மிகும். அடர்ந்த ஈரத் தழையில் பின்கருகல் நோய் விரைவிற் பற்றும். ஆகவே பூத்தபின் தழையுரத்தை நிறுத்துவதே தேர்ச்சி. இறுதியில் கொடி மஞ்சளாகித் தளர்ந்ததும் அதனை அறுத்துவிட்டு, ஏறத்தாழ இரு வாரம் கிழங்கை மண்ணிலேயே விடுவர். தோல் முற்றாத கிழங்கு மூட்டையில் உரிந்து அழுகும். தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ போய்ச் சேராது. நவ்காவின் பொத்தாருக்கு இருந்த கூர்ந்த கண் இங்கும் வேண்டும். ஆயின் இங்குள்ள தேர்ச்சியாளருக்குத் தனிப்பெயர் எதனையும் எந்த அறிக்கையும் வழங்கவில்லை. பகலில் தோட்டத்தில் பேர் போட்டுவிட்டு மாலையில் பாத்திக்கு வந்தவர், அல்லது மற்றொருவர் பாத்தியில் நாட்கூலிக்கு நின்ற பெண், இத்தேர்ச்சியைத் தாங்கியிருந்தார்.

இதன் மறுபக்கத்தை மறைப்பது ஆய்வாகாது. நல்ல விலை கண்ட ஆண்டுகளில் நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தும் கட்டுப்பாடு தளர்ந்தது. தாழ்நிலத்திலிருந்து லொறி லொறியாகக் கோழியெரு வந்தது. அதன்மேல் இரசாயனப் பசளையும் விழுந்தது. நுவரெலிய மரக்கறி மண்ணில் பொசுபரசு தேவைக்கு மேல் தேங்கியிருப்பதை மண்பரிசோதனைகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. நைதரேற்று ஊற்றுகளுக்கும் ஓடைகளுக்கும் இறங்குகின்றது. பசித்த மண்ணைப் பற்றிப் பேக்கர் முறையிட்ட இடத்தில், ஒன்றரை நூற்றாண்டின் பின் அளவுமீறி உண்ட மண்ணைப் பற்றிப் பேச நேர்ந்துள்ளது.

இந்நிலையில் வந்தது 2021 மே 6ஆந் திகதி வர்த்தமானி. இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வீச்சில் தடுக்கப்பட்டது. மிகையாக இடப்பட்டது உண்மை; குறைக்கவேண்டியதும் உண்மை. ஆனால் படிப்படியாகக் குறைப்பதற்கும் ஒருநாளில் நிறுத்துவதற்கும் உள்ள தொலைவை நிலத்தில் நின்ற பயிரே அளந்துகாட்டிற்று. சேதனப் பசளை மண்ணில் மக்கியபின்னரே செடிக்குக் கிடைக்கும். குளிர்ந்த உயர்நிலத்தில் மக்குதல் மெதுவானது. கிழங்கு திரளும் சில வாரங்களில் கிடைக்காத ஊட்டம் பின்னர் கிடைத்துப் பயனில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில், நவம்பர் முடிவதற்குள், தடை தளர்த்தப்பட்டது. ஆயினும் அதையடுத்து வந்த அந்நியச் செலாவணி நெருக்கடியில் பசளையின் விலை சிறு செய்கையாளருக்கு எட்டாததாயிற்று. 2021இல் 30 கோடி கிலோவை அண்மித்திருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் எடைக்கூலி குறையும். ஆதலால் இவ்வீழ்ச்சி கம்பனிகளின் கணக்கேட்டோடு நின்றுவிடவில்லை.

இறுதியாக நிலவுரிமை பற்றி ஒன்று கூறல் தகும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளுக்குச் சென்றது. இரு மாற்றங்களிலும் லயனில் வாழ்ந்தோர் பாத்திக்கு உரித்தாளராகவில்லை. கந்தப்பளையில் கிழங்கு நடும் பலர் ஒரு போகத்துக்கோ ஓராண்டுக்கோ பிறர் நிலத்தை எடுத்து நடுவோர். புளித்த இம்மண்ணுக்கு அடிப்படையில் வேண்டியது சுண்ணம். அது மண்ணைத் திருத்த மாதங்கள் செல்லும், முழுப்பயனும் அடுத்த ஆண்டுகளிலேயே தெரியும். மூன்றரை மாதத்தில் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டியவர் சுண்ணத்துக்குச் செலவிடுவதில்லை. யூரியா பத்து நாளில் இலையில் தெரியும். அதையே அவர் வாங்குகின்றார்.